வீரர் மனைவியரும் தோழமை மன்றங்களும்



பெங்களூரின் வடமேற்கில், தும்கூர்ச் சாலையின் இருமருங்கும் பரந்து கிடப்பது பீன்யா. திருகாணி முதல் கடைசல் இயந்திரம் வரையில் எதையும் செய்து தரும் சிறுதொழிற்கூடங்கள் நிறைந்த இடம் அது. நம் நாட்டின் முதல் செயற்கைக்கோளாகிய ஆரியபட்டா 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் விண்ணிற் சென்றதல்லவா? அதனை உருவாக்கியது பளிங்கு மாளிகையில் அன்று, பீன்யாவின் தொழிற்கொட்டகைகளிலேதான். இச்செய்தியைப் பீன்யாவில் வாழ்வோரிற் பலரே அறியார். அவர்களுக்கு அடுத்த ஷிப்டின் கவலை இருக்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வேலூர், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்தும் வந்து அங்கே குடியேறிய தமிழர் பலர். பிழைப்புத் தேடி வந்தோரே பெரும்பாலோர். ஆயினும் வேறொரு வழியாகப் பெங்களூருக்கு வந்து சேர்ந்த தமிழரும் உண்டு. அவர்கள் படையோடு வந்தவர்கள். பீன்யாவுக்குப் பக்கத்திலேயே ஜாலஹள்ளியில் விமானப்படையின் நிலையம் இருக்கிறது. நகரின் கிழக்கே, அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் இஞ்சினியர் குரூப் என்னும் புகழ்பெற்ற படைப்பிரிவின் தலைமையிடம் இருக்கிறது. 1780ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் அப்படையின் வீரனைப் படையுலகம் முழுவதும் 'தம்பி' என்ற தமிழ்ச் சொல்லாலேயே அழைக்கின்றது. வடக்கே பிறந்த தளபதியும் அவனைத் 'தம்பி' என்றே விளிப்பார். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைப் போல, வீட்டுக்கு ஒருவர் படைக்குச் சென்றனர் என்று சொல்லத்தக்க ஊர்கள் அப்பக்கத்தில் உண்டு. அவ்வூர்களுக்குப் பெங்களூர் தூரதேசம் அன்று. படையில் இருந்தபோது பார்த்த நகரத்திலேயே ஓய்வுக்குப் பின்னும் தங்கிவிடுவதும், தொழிற்சாலை வாயிலில் காவற்பணி ஏற்பதும், தம்பி மகனையும் மைத்துனனையும் வேலைக்கு வரவழைப்பதும் இயல்பாக நடப்பவை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, இத்தகைய குடும்பங்களிலே கணவனைப் போர்க்களத்திலோ எல்லைக் காவலிலோ பறிகொடுத்த பெண்டிரைப் பற்றியது. அவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கின்றதா என்பது மட்டும் நம் வினா அன்று. அவர்களுக்குத் தோழமை கிடைக்கின்றதா என்பதே வினா.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மைப் பொருளுக்கு முன்னே சொல் வந்து வழிமறிப்பது வழக்கம். அரசாங்கப் படிவங்களில் இவர்களைப் 'போர் விதவை' என்று எழுதுகிறோம். வடநாட்டில் 'வீர நாரி' என்கின்றனர். 'விதவை' என்ற சொல்லிலே ஒரு புள்ளிகூட இல்லை, 'கைம்பெண்' என்றால் இரண்டு பொட்டு இருக்கிறது என்று ஒரு நயம் தமிழ்நாட்டில் சொல்லக் கேட்டிருக்கிறோம். நயம் அழகியதே. ஆனால் சொல்லில் இருக்கும் பொட்டு தானாக நெற்றிக்கு வந்துவிடுவதில்லை. 'வீர நாரி' என்பதும் அப்படித்தான். மேடையிலே முழங்குவதற்கு ஏற்ற சொல். அரிசிக் கடையிலும் பள்ளிக்கூட வாயிலிலும் அதனைச் சொல்லி யாரும் அழைப்பதில்லை. இவ்வுரையில் 'வீரர் மனைவி' என்றே சொல்லிச் செல்வோம். கணவன் மறைந்ததனால் மனைவி என்ற உறவு பொய்த்துவிடவில்லை என்பது நம் எண்ணம்.

தமிழ் இலக்கியம் இவர்களை அறியாததன்று. புறத்திணையில் 'தாபதநிலை' என்றே ஒரு துறை வகுத்தார்கள். கணவனை இழந்தவள் நோற்கும் கடுநோன்பைச் சொல்வது அது. பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு அந்நோன்பின் கொடுமையை எடுத்துரைத்து, அதனினும் தீயே மேல் என்று பாடியதைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது. ஒக்கூர் மாசாத்தனாரின் சிறுபாட்டு ஒன்று, இளமையில் தழையுடையாய் உதவிய ஆம்பலே, கணவன் இறந்தபின் உணவாகிவிட்டதைக் காட்டும். இவற்றைக் கல்லூரியில் படித்தபோது வியந்தோம். இப்போது படிக்கும்போது வேறொன்று தோன்றுகிறது. பாட்டு அவள் உண்ட உணவைச் சொல்கின்றது. அவளோடு அமர்ந்து உண்டவர் யாரென்று சொல்லவில்லை.

கல்லும் சொல்லவில்லை. பெங்களூர் என்ற பெயரைத் தாங்கிய மிகப் பழைய சான்று, நகரின் தென்பாலுள்ள பேகூரில், ஏறத்தாழ கி.பி. 890இல் நிறுத்தப்பட்ட ஒரு வீரக்கல். 'பெங்களூர்ப் போரில்' மாண்டவரைக் குறிப்பது அது. மென்பொருளுக்கும் பூங்காக்களுக்கும் பெயர்பெற்ற இம்மாநகரம் வரலாற்றில் முதன்முதல் தன் பெயரைப் பதித்துக்கொண்டது ஒரு போர்ச் சாவின் வழியாகத்தான் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கின்றது. நடுகல்லில் மாண்டவர் பெயர் உண்டு. அவர் வீட்டுப் பெண்டிரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நம் காலத்து அரசாங்கம் கல்லோடு நின்றுவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கணவன் எவ்வாறு இறந்தான் என்பதைப் பொறுத்துக் குடும்ப ஓய்வூதியம் மூவகைப்படும். எதிரியோடு பொருது இறந்தவனின் மனைவிக்கு அவன் கடைசியாகப் பெற்ற ஊதியத்தின் அளவே ஓய்வூதியம். படைப்பணியோடு தொடர்புடைய காரணத்தால் இறந்திருந்தால் அதில் 100க்கு 60. பணியோடு தொடர்பற்ற நோயினாலோ வேறு வகையாலோ இறந்திருந்தால், தொடக்கத்துச் சில ஆண்டுகள் கழிந்தபின், 100க்கு 30. இவ்வகைப்பாடு கணக்குக்கு இன்றியமையாதது. ஆனால் அது கணக்குப் புத்தகத்தை விட்டு இறங்கி வீதிக்கு வந்துவிடுவதே தொல்லை. குண்டுபட்டு இறந்தவனின் மனைவிக்கு மாலை. மாரடைப்பால் முகாமில் இறந்தவனின் மனைவிக்கு ஒரு பெருமூச்சு. இருவர் வீட்டிலும் இரவு ஒன்றுதான்.

ஓய்வூதியம் வந்து சேரும் வழியும் எளிதன்று. இப்போது பாதுகாப்புத்துறை ஓய்வூதியங்கள் 'ஸ்பர்ஷ்' என்னும் கணினி முறையில் வழங்கப்படுகின்றன. ஆண்டுக்கொரு முறை, தாம் உயிரோடிருப்பதை விரல்ரேகையாலோ முகத்தாலோ மெய்ப்பிக்க வேண்டும். பாத்திரம் தேய்த்தும் பஞ்சாலையில் உழைத்தும் ரேகை மங்கிய விரல்களை இயந்திரம் ஏற்க மறுப்பதுண்டு. அதனினும் பெரிய இடர் பெயரில் இருக்கின்றது. நமக்குத் தலைப்பெழுத்து உண்டு; குடும்பப் பெயர் இல்லை. படையின் பதிவேட்டில் 'லட்சுமி' என்றிருப்பவள் ஆதாரில் 'எம். லட்சுமி' ஆகிறாள், வங்கிக் கணக்கிலே கணவன் பெயரைப் பின்னொட்டி 'லட்சுமி முருகன்' ஆகிறாள். மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கச் சான்றிதழ் வேண்டும். நாம் மொழிபெயர்க்கும் காகிதங்களில் இது மிகப் பழகிய கதை. இதிலே இன்னொரு சிக்கல், பிற மாநிலங்களில் வாழும் நமக்கேயுரியது. வீரன் பெயர் பதிந்திருப்பது சொந்த மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில். மனைவி இருப்பதோ பீன்யாவில், ஒற்றையறை வாடகை வீட்டில். அந்த அலுவலகம் தமிழில் கேட்கும். வங்கி கன்னடத்தில் கேட்கும். படையின் பதிவகம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ கேட்கும்.

'ஊருக்கே போய்விடலாமே' என்று உறவினர் சொல்வது எளிது. பிள்ளைகள் இங்கே பள்ளியிற் சேர்ந்து கன்னடத்தை முதற்பாடமாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். ஊருக்குப் போனால் மாமியார் வீட்டில் ஒரு மூலை கிடைக்கும். அந்த மூலைக்கு விலையாக ஓய்வூதியப் புத்தகத்தைக் கேட்டாலும் கேட்பார்கள். ஆகவே அவள் இங்கேயே இருக்கிறாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்கிறாள். பக்கத்து இருக்கைப் பெண் நல்லவள்தான். ஆனால் அவளிடம் எதைச் சொல்வது? கணவன் விடுப்பில் வந்தபோது சொன்ன கடைசிச் சொல்லையா? நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால் இன்னும் நெஞ்சு படபடப்பதையா? சொல்லத் தொடங்கினால் கேட்பவள் அழுதுவிடுகிறாள். பிறகு இவளே அவளைத் தேற்ற வேண்டியிருக்கிறது. அடுத்த வீட்டில் வளைகாப்பு என்றால் அழைப்பதா வேண்டாவா என்று அவர்கள் தயங்குகிறார்கள். போவதா வேண்டாவா என்று இவள் தயங்குகிறாள். இரு தயக்கங்களும் சேர்ந்து ஒரு சுவராகிவிடுகின்றன.

இந்தச் சுவரை இடிக்கும் வேலையை முறையாகச் செய்து பார்த்தவர் ஒருவரின் வரலாறு ஆஸ்திரேலியாவில் இருக்கின்றது. இரண்டாம் உலகப்போரில் அந்நாட்டுப் படையின் மேஜர் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் வேசி 1945ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் விமான விபத்தில் இறந்தார். அவர் மனைவி ஜெஸ்ஸி வேசி அதற்கு முன்பே, தம் கணவரின் கீழ்ப் பணியாற்றி மாண்ட வீரர்களின் மனைவியருக்குக் கடிதம் எழுதி வந்தவர். இப்போது தாமும் அவர்களுள் ஒருவரானார். அதே ஆண்டு நவம்பரில் மெல்போர்ன் நகரில் வீரர் மனைவியர் சங்கத்தைத் தொடங்கினார்.

அங்கே வீரர் குடும்பங்களைப் பேண ஏற்கெனவே ஓர் அமைப்பு இல்லாமலில்லை. 'லெகசி' என்ற பெயரில், போரிலிருந்து உயிரோடு திரும்பிய வீரர்கள் 1923 முதல், இறந்த தோழர்களின் மனைவி மக்களைக் கவனித்து வந்தார்கள். அது பெருந்தொண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஜெஸ்ஸி வேசி வேண்டியது வேறு. பிறர் கவனிக்கும் பொருளாக இருப்பதை விட்டு, அப்பெண்கள் தாமே கூடித் தாமே நடத்தும் சங்கமாக அது இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

அவர் முதலிற் செய்த காரியம் நமக்குப் பிடித்திருக்கிறது. சொற்பொழிவுக்கு ஏற்பாடு செய்யவில்லை, தறி போட்டார். நெசவு கற்றுக்கொடுத்தார்கள், நெய்ததை விற்றார்கள். கை வேலையில் இருக்கும்போது முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டாதபோது பேச்சு தானே வருகின்றது. நம் கிராமங்களில் முறுக்குச் சுற்றும் திண்ணையிலும் பூத்தொடுக்கும் கோயில் மண்டபத்திலும் பெண்கள் எத்தனை பாரத்தை இறக்கி வைத்தார்கள் என்பதை எண்ணினால் இதன் நுட்பம் விளங்கும். பேசிப் பேசி ஒன்றுபட்டவர்கள் பிறகு ஓய்வூதிய உயர்வுக்காகக் கிளர்ந்தார்கள். தங்குவதற்கு வீடுகள் கட்டினார்கள். தறியில் தொடங்கியது நாடாளுமன்ற வாயில் வரை சென்றது. சங்கத்தின் சின்னம் கூக்கபரா என்னும் பறவை. மனிதர் சிரிப்பதைப் போலக் கூவும் மீன்கொத்தி இனப்பறவை அது. தன் கூட்டையும் குஞ்சையும் விடாது காப்பது என்பர். துயருற்றோர் சங்கத்துக்குச் சிரிக்கும் பறவையைச் சின்னமாக வைத்தார்களே என்று சிலருக்கு நெருடலாம். நமக்கு அது துணிவாகத் தோன்றுகிறது. கணவனை இழந்தவள் வாய்விட்டுச் சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் ஊர்களிலிருந்து வந்தவர்களல்லவா நாம்?

பிரிட்டனில் இத்தகைய சங்கம் 1971இல்தான் தோன்றிற்று. வீரர் மனைவியரின் ஓய்வூதியத்துக்கு அந்நாட்டு அரசாங்கம் வருமான வரி விதித்து வந்தது. அதனை எதிர்த்து எழுந்தவர்கள் 1979இல் அவ்வரியை முற்றும் நீக்கச் செய்தார்கள்.

அதே 1971ஆம் ஆண்டு டிசம்பரில் நம் நாட்டில் போர் வந்தது. பதின்மூன்று நாளில் முடிந்த போர் அது. வெற்றி விழாக்களும் நடந்தன. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த வி. வி. கிரியின் மருமகள் மோகினி கிரி, 1972இல் புதுடெல்லியில் வீரர் மனைவியர்க்கென ஒரு சங்கத்தை நிறுவினார். பின்னாளில் தேசிய மகளிர் ஆணையத்தின் தலைவராக விளங்கி, 2007இல் பத்மபூஷண் பெற்று, 2023 டிசம்பரில் மறைந்தார். ராஷ்டிரபதி பவனத்துக் குடும்பத்தில் இருந்துகொண்டு இவ்வேலையை எடுத்ததை நாம் பெரிதாகப் பேசுவோம். அவர் எடுத்துக்காட்டிய உண்மையை அவ்வளவாகப் பேசுவதில்லை. வெற்றி பெற்ற நாட்டிலும் தோற்ற வீடுகள் உண்டு என்பதே அவ்வுண்மை. படைத்தலைமையும் இதை உணராமலில்லை. படைவீரர் மனைவியர் நலச்சங்கம் 1966இலேயே பதிவு செய்யப்பட்டிருந்தது. இன்றும் முகாம்தோறும் அது இயங்குகின்றது. ஆனால் முகாமை விட்டு வெளியேறி, பீன்யாவில் வாடகைக்குக் குடியேறியவளுக்கு முகாமின் கதவு எவ்வளவு தூரம் திறந்திருக்கும் என்பதை அவளே அறிவாள்.

தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் ஒரு முன்னோடி உண்டு. உதகமண்டலத்தில் பார்சி குடும்பத்தில் 1909இல் பிறந்த மேரி கிளப்வாலா, தம் இருபத்தாறாம் வயதில், 1935இல் கணவரை இழந்தார். அவர் கணவர் போர்வீரர் அல்லர். கையில் சிறு மகன். சென்னையில் இயங்கிய கில்டு ஆஃப் சர்வீஸ் என்னும் தொண்டு நிறுவனத்திற் சேர்ந்து துயரை உழைப்பாக மாற்றினார். 1942இல், போருக்குப் போகும் வழியிலும் மீளும் வழியிலும் சென்னையில் தங்கிய இந்திய வீரர்களை உபசரிக்க ஒரு குழு அமைத்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு உபசாரம் இருந்தது; நம் சிப்பாய்க்கு இல்லை என்ற குறையே அதற்குக் காரணம். தளபதி கரியப்பா அவரைப் 'படையின் செல்லம்' என்று பாராட்டினார். பிற்காலத்தில் சென்னையின் முதல் பெண் ஷெரீப் ஆனவரும் அவரே. கணவனை இழந்த ஒருத்தி பொது வாழ்வில் புகுந்து விருந்தோம்பல் நடத்துவதை அந்த 1940களின் சென்னை ஏற்றுக்கொண்டது. அக்குழு, அழுவதற்கு ஒரு தோளைத் தரவில்லை. செய்வதற்கு ஒரு வேலையைத் தந்தது. அதுவும் தோழமையின் ஒரு வகையே.

பெங்களூருக்கே வருவோம். 2007ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், காஷ்மீரின் ஊரி வட்டாரத்தில் எல்லை கடந்து வந்தவர்களை எதிர்த்துப் போரிட்டு உயிர்துறந்தார் கர்னல் வசந்த் வேணுகோபால். மராத்தா காலாட்படையின் 9ஆம் பட்டாளத்துக்குத் தலைவர்; அசோகச் சக்கர விருதுக்கு உரியவரானார். அவர் மனைவி சுபாஷிணி வசந்த் பரதநாட்டியக் கலைஞர். அவ்வாண்டிலேயே அவர் பெங்களூரில் வசந்தரத்னா என்ற அறநிறுவனத்தைத் தொடங்கினார். வீரர்களை இழந்த குடும்பங்களை, சிறப்பாகச் சிப்பாய்களின் குடும்பங்களை, தேடிச் சென்று பழகுவதும், அவர்கள் பிள்ளைகளின் கல்விக்கு உதவுவதும் அதன் பணி. இங்கே நாம் நின்று பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அதிகாரியின் மனைவிக்கு ஆங்கிலம் தெரியும். யாரிடம் எதைக் கேட்பதென்று தெரியும். சிப்பாயின் மனைவிக்குப் பல வேளைகளில் தனக்கு உரியது எது என்பதே தெரியாது. இவ்விருவரையும் ஒரே பாயில் அமர வைக்கும் துணிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மன்றம் பிழைக்கும். ஜெஸ்ஸி வேசி ஜெனரலின் மனைவி. சுபாஷிணி கர்னலின் மனைவி. பதவியால் பெற்ற திறமையை அவர்கள் பதவி இல்லாதவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள்.

பாயில் அமர்ந்தால்தான் பேசக்கூடிய பேச்சுகள் சில இருக்கின்றன. மறுமணம் அவற்றுள் ஒன்று. 1999இல் கார்கில் போரில் 527 வீரர்கள் மாண்டனர். அவர்கள் மனைவியருள் இருபதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆனவர்கள் பலர். வட இந்தியாவின் சில பகுதிகளில் கணவனின் தம்பிக்கே அவளை மணம் செய்துவிடும் வழக்கம் உண்டு. பணம் வீட்டை விட்டுப் போகாது என்ற கணக்கும் அதில் உண்டு. வீர விருதுக்குரிய மாதாந்தரத் தொகையைப் பற்றிய விதியும் இதற்கு ஏற்பவே நெடுங்காலம் இருந்தது. மனைவி மறுமணம் செய்துகொண்டால் தொகை நிற்கும். கணவனின் உடன்பிறந்தானை மணந்தால் மட்டும் நிற்காது. 2017 நவம்பரில்தான் பாதுகாப்பு அமைச்சகம் அந்நிபந்தனையை நீக்கியது. இனி அவள் யாரை மணந்தாலும் தொகை தொடரும். ஆணை வந்துவிட்டது, மொழிபெயர்த்தும் ஆயிற்று. ஆனால் 'நான் மறுபடியும் மணந்துகொள்ளலாமா?' என்ற கேள்வியை அவள் யாரிடம் கேட்பாள்? மாமியாரிடமா? தன் தாயிடமா? கேட்டால் இருவருக்கும் வருத்தம். அதே கேள்வியைத் தனக்குள் கேட்டுக் 'கூடாது' என்று முடிவு செய்தவளும், 'கூடும்' என்று முடிவு செய்தவளும் பக்கத்தில் இருந்தால், அவர்களிடம் கேட்கலாம்.

செய்தித்தாள்கள் கொண்டாடும் வரலாறுகள் உண்டு. காஷ்மீரில் 2015இல் வீழ்ந்த கர்னல் சந்தோஷ் மகாதிக்கின் மனைவி சுவாதி மகாதிக், சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்று, 2017 செப்டம்பரில் தாமே படையின் அதிகாரி ஆனார். மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையைத் திரையில் கண்டு தமிழகமே கண்ணீர் விட்டது. இவை நெஞ்சை நிமிரச் செய்பவை, நிமிரட்டும். ஆனால் மன்றம் வேண்டியிருப்பது, சீருடை அணியாதவளுக்கு, படம் எடுக்கப்படாதவளுக்கு, ஆறு மணி ஷிப்டுக்குப் போய்த் திரும்பி, பிள்ளைக்குச் சோறு போட்டுப் படுக்கும் பீன்யாக்காரிக்கு.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம்மிடம் சங்கங்களுக்குக் குறைவில்லை. டெல்லியில் 1946இலும் பெங்களூரில் 1950இலும் தமிழ்ச் சங்கங்கள் எழுந்தன. பெங்களூர்ச் சங்கத்தின் கட்டடம் அல்சூர் ஏரிக்கரையிலேயே, தம்பிகளின் படைமுகாமுக்கு அருகிலேயே இருக்கிறது. பொங்கல் விழா உண்டு, பட்டிமன்றம் உண்டு, திருக்குறள் வகுப்பு உண்டு. எந்தச் சங்கத்தையும் சுட்டிச் சொல்லவில்லை. ஆயினும் பொதுவாக நம்மவர் வழக்கம் எல்லாரும் அறிந்ததே. குடியரசு நாளில் வீரர் மனைவி ஒருவரை மேடைக்கு அழைப்போம், பொன்னாடை போர்த்துவோம், நாலு வார்த்தை பேசச் சொல்வோம், அவர் பேச முடியாமல் விம்முவார், அவையோர் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலின் பொருள் என்ன என்பது நமக்கு இன்றுவரை விளங்கவில்லை. பொன்னாடைகள் அலமாரியில் அடுக்கப்படுகின்றன. அடுத்த குடியரசு நாள் வரையில் ஏறத்தாழ 364 நாட்கள் இருக்கின்றன.

அந்த நாட்களுக்கு என்ன செய்யலாம்? மாதத்தில் ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம், ஒரு அறை. தலைவர், முன்னிலை, சிறப்புரை எதுவும் வேண்டா. பாயும் தேநீரும் போதும். யாராவது வீட்டிலிருந்து சுண்டல் கொண்டுவந்தால் நன்று. கைக்கு ஒரு வேலை வேண்டும். தையலோ பின்னலோ அப்பளமோ, அவர்களே முடிவு செய்யட்டும். பிள்ளைகள் விளையாட ஒரு மூலை வேண்டும். இல்லையெனில் தாய்மார் வரமாட்டார்கள். போரில் இறந்தவன் மனைவி, நோயில் இறந்தவன் மனைவி என்ற வேற்றுமை வாசலிலேயே நிற்க வேண்டும். கதவைத் திறந்து நாற்காலி எடுத்துப் போட்டபின் சங்கத்து ஆடவர்கள் கீழே போய்விட வேண்டும். இது கடினம் என்பது நமக்குத் தெரியும். நம் சங்கங்களில் ஒலிபெருக்கியை விட்டுக்கொடுப்பவர் அரியர்.

வருவது எப்படி என்று கேட்கலாம். பீன்யாவிலிருந்து மெஜஸ்டிக் வரை பச்சைத்தடத்து மெட்ரோ 2014 முதலே படிப்படியாக அமைந்துவிட்டது. அங்கே மாறி ஊதாத்தடத்தில் ஏறினால் அல்சூர். ஞாயிறன்று கூட்டமும் குறைவு. கொல்கத்தாவிலும் மும்பையிலும் இருப்போர் தத்தம் ஊர் வழியைத் தாமே அறிவார்கள். முதல் நாள் மட்டும் யாரேனும் ஒருவர் வீட்டுக்குச் சென்று, 'அக்கா, நானும் அந்தப் பக்கந்தான் போகிறேன், வாருங்கள் சேர்ந்து போவோம்' என்று அழைக்க வேண்டும். அந்த ஒருவர் இன்னொரு வீரர் மனைவியாகவே இருந்தால் அழைப்பு மறுக்கப்படாது.

தமிழர் மட்டுமே வரவேண்டும் என்றும் இல்லை. மெட்ராஸ் இஞ்சினியர் குரூப்பில் தமிழரோடு கன்னடரும் தெலுங்கரும் மலையாளிகளும் ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள். அவர்கள் மனைவியர் ஓர் அறையில் அமர்ந்தால் எம்மொழியில் பேசுவது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பீன்யாவின் தொழிற்கூடங்களில் நாள்தோறும் நடப்பதுதானே அது.

அந்த அறையின் ஒரு மூலையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட்டு வைக்கலாம். ஓய்வூதிய ஆணை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒன்றாயிருக்கின்றதா என்று பார்த்துத் தர, உயிர்வாழ் சான்றுக்கு வழி சொல்ல, சொந்த மாவட்டத்து நல அலுவலகத்துக்குத் தமிழிலும் பதிவகத்துக்கு ஆங்கிலத்திலும் மனு எழுதித் தர ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் நல்லது. பெங்களூரில் மத்திய அரசு அலுவலகங்கள் பல. அவற்றில் தமிழறிந்த எழுத்தர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டிலேதான் இருக்கிறார்கள்.